நவாபுக்குக் கடன் கொடுத்த துரை

(நமது மூத்த குடிமக்கள் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காகப் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



ஓய்வு பெற்ற வங்கிக் கிளார்க்கைப் பேசக் கூப்பிட்டால் என்ன பேசுவான்? கடனைப் பற்றித்தான் பேசுவான். ஆனால் இது உங்கள் வீட்டுக் கடனோ என் பென்ஷனோ அல்ல. சுமார் 250 வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்தையே உலுக்கிய ஒரு கடன். கொடுத்தவர் பெயர் பால் பென்ஃபீல்டு. பள்ளிக்கூடத்தில் கிளைவ், ஹைதர் அலி, திப்பு என்று படித்திருப்பீர்கள். இவர் பெயர் அந்தப் பாடத்தில் வராது. ஆனால் இவர் வேலை பார்த்த இடங்களை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு இருக்கிறதல்லவா? ஹைதர் அலியின் குதிரைப்படை 1760-களின் கடைசியில் மெட்ராஸ் வாசல் வரை வந்து மிரட்டிப் போனதும், அன்றைய கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி கும்பினி ஒரு மதில் கட்டியது. அந்தச் செலவுக்கு வரி போடலாம் என்று பேசியதில் மிஞ்சியது தெருவின் பெயர் மட்டும். அந்த மதிலுக்கு கான்ட்ராக்டர் பென்ஃபீல்டு. கோட்டை மதில் வேலையும் அவருக்குத்தான். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் நவாபின் அரண்மனை நிற்கிறதே, அதையும் இவர்தான் கட்டினார் என்று சொல்வார்கள்.

1764-ல் மெட்ராஸுக்கு வந்தார். அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். கும்பினியில் கட்டட வேலை தெரிந்த ஊழியர், சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மெட்ராஸிலேயே நல்ல குதிரையும் நல்ல சாரட்டும் வைத்திருப்பவர் இவர்தான் என்று பேர் வாங்கிவிட்டார். கான்ட்ராக்டில் லாபம் வந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பணம் வட்டியில் வந்தது.

கடன் வாங்கியவர் யார் என்று பார்க்க வேண்டும். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. நம் வாலாஜா ரோட்டுக்காரர். 1750-களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டபோது ஆங்கிலேயர் பக்கம் நின்று நவாபானவர். அந்தச் சண்டைச் செலவை எல்லாம் கும்பினி அவர் கணக்கில் பற்று எழுதிவிட்டது. தவணை கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கும்பினிக்குக் கட்ட வேண்டிய தவணைக்கு கும்பினி ஊழியர்களிடமே கடன் வாங்கினார்!

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறீர்கள். தவணை தவறப் போகிறது. அதே கிளையின் கேஷியர் பக்கத்து டீக்கடைக்கு உங்களைக் கூப்பிட்டு, "சார், நான் தருகிறேன், கட்டிவிடுங்கள், எனக்கு மூணு வட்டி போதும்" என்கிறார். எங்கள் சர்வீஸ் ரூலில் இது வேலை போகிற குற்றம். அங்கே இது தினப்படி வியாபாரம்.

வட்டி விகிதம் தொடக்கத்தில் வருஷத்துக்கு 30, 36 சதவீதம் வரை. நம்மூர்க் கணக்கில் மூணு வட்டி. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்று காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 36-ல் வகுத்தால் இரண்டு வருஷம். துல்லியமாகப் போட்டால் இரண்டே கால் வருஷம். வட்டியை அசலில் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதினால் 9 வருஷத்தில் ஒரு லட்சம் 16 லட்சம் ஆகிவிடும். பிறகு 25, 20 என்று இறங்கி, 1760-களின் நடுவில் கவர்னர் பால்க் காலத்தில் 10 சதவீதத்துக்கு வந்தது. அதற்குள் அசல் குட்டி போட்டுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. 1767-ல் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தால் 8,80,000 பவுன்.

அன்றைய செலாவணியையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மெட்ராஸில் கணக்கு வராகனில்தான். வெள்ளைக்காரர்கள் அதை பகோடா என்பார்கள். ஒரு வராகன் சுமார் 8 ஷில்லிங், அதாவது இரண்டரை வராகன் ஒரு பவுன். கோயிலுக்கும் அவர்கள் வாயில் அதே பெயர்தான். நம் மாமல்லபுரத்தைக் கப்பல்காரர்கள் 'ஏழு பகோடா' என்றுதான் வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். கடலிலிருந்து கோயில் கோபுரத்தைப் பார்க்கும்போதே சிலருக்கு நாணயம் ஞாபகம் வந்திருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. போகட்டும்.

ஜாமீன் என்ன? இங்கேதான் நம் பக்கத்துக் கதை ஆரம்பிக்கிறது. நவாப் அரண்மனையையோ நகையையோ அடமானம் வைக்கவில்லை. இன்ன சீமையின் வரி வசூல் இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்தார். நிலத்தில் இன்னும் அறுக்காத நெல்லின் மேல் எழுதிய ஜாமீன் அது. சீமையைக் குத்தகைக்கு எடுத்தவன் தவணை தேதிக்கு ரொக்கம் தர முடியாது, அறுவடை ஆக வேண்டுமே. ஆகவே ஒரு சவுக்கார் நடுவில் வருவார், குத்தகைக்காரனுக்காகப் பணத்துக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பார். அதற்கு ஒரு வட்டி. குத்தகைக்காரன் அதை ஊர்த் தலைவர்களிடம் வசூலிப்பான். அவர்கள் பயிர் வைத்தவனிடம் வசூலிப்பார்கள். மேலே துரைக்கு ஒரு வட்டி, நடுவில் சவுக்காருக்கு ஒரு வட்டி, இரண்டையும் சேர்த்துக் கீழே ஒருவன் கட்டுகிறான். அவன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

துரைகளை மட்டும் திட்டிவிட்டுப் போகக் கூடாது. நம் துபாஷிகள் இல்லாமல் இந்த வியாபாரம் ஒரு நாள் ஓடியிருக்காது. எந்த ஊரில் எவ்வளவு விளையும், யாரிடம் எவ்வளவு பிடுங்கலாம் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே? தங்கள் பணத்தையும் துரை பெயரில் போட்டு வட்டி பார்த்தார்கள்.

செங்கல்பட்டு விஷயம் இன்னும் விசித்திரம். 1763-ல் நவாப் இந்தப் பகுதியை கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பழைய காகிதங்களில் வெறுமனே 'ஜாகீர்' என்று இருந்தால் அது நம் மாவட்டம்தான். ஆனால் கும்பினி நேரடியாக நிர்வாகம் செய்யவில்லை. வாங்கிய கையோடு அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை இப்படியே ஓடியது. நிலம் கும்பினியுடையது, வசூல் நவாபுடையது, நவாபின் கழுத்து கடன்காரர்களுடையது. ஏரி உடைந்தால் யார் மராமத்து செய்வது? யாரும் செய்ய மாட்டார்கள். குத்தகைக்காரனுக்கு அடுத்த வருஷம் நாம் இருப்போமா என்றே தெரியாது.

இந்தக் காலத்தில் ஒருவர் மட்டும் உருப்படியான வேலை செய்துகொண்டிருந்தார். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர். 1767-லிருந்து 1774 வரை ஜாகீர் கிராமங்களை ஒவ்வொன்றாக அளந்து ஏரி, குளம், நன்செய், புன்செய் எல்லாம் குறித்தார். சுமார் இரண்டாயிரம் கிராமங்கள். அவர் வரைபடத்தை மறந்துவிடாதீர்கள், அது லண்டன் வரை போகப் போகிறது.

1776-க்கு வருவோம். அது என்ன வருஷம் என்று உங்களுக்குத் தெரியும். ஜூலை 4-ல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதற்கு 51 நாள் கழித்து, ஆகஸ்ட் 24-ல், மெட்ராஸில் ஒரு புரட்சி நடந்தது. கவர்னரையே அவருடைய கவுன்சில் கைது செய்தது. காரணம் ஒரு கடன் பாக்கி.

நடந்தது இதுதான். கும்பினிப் படையின் துணையோடு நவாப் 1773-ல் தஞ்சாவூரைப் பிடித்து ராஜா துளஜாஜியை இறக்கிவிட்டார். காவிரி டெல்டா கைக்கு வந்ததும் கடன்காரர்களுக்கு தஞ்சை நெல்லின் மேல் எழுதிக் கொடுத்தார். லண்டனில் இருந்த டைரக்டர்கள் இது தப்பு, ராஜாவைத் திரும்ப உட்கார வையுங்கள் என்று சொல்லி, லார்டு பிகாட்டைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் அவர் தஞ்சாவூருக்கே போய் ராஜாவைப் பழையபடி அமர்த்தினார். நெல்லும் ராஜாவுக்குப் போய்விட்டது.

உடனே பென்ஃபீல்டு எழுந்தார். நவாபுக்குக் கொடுத்த கடனுக்காக தஞ்சை வருமானத்தில் எனக்கு 1,62,000 பவுன் எழுதித் தந்திருக்கிறார். தஞ்சாவூர் மக்களுக்குப் பயிரின் மேல் நான் நேரடியாகக் கொடுத்தது 72,000 பவுன். மொத்தம் 2,34,000 பவுன், எனக்கு வர வேண்டும் என்றார். சம்பளம் 300 பவுன் என்று வைத்துக்கொண்டால் இது 780 வருஷச் சம்பளம். நான் காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து கணக்குப் போட்டால்கூட இன்னும் பத்தொன்பது, இருபது ஜென்மம் எடுக்க வேண்டும்.

கவுன்சில் ஆவணம் கேட்டது. நவாபைக் கேளுங்கள், அவர் ஒத்துக்கொள்வார் என்பதுதான் பென்ஃபீல்டு தந்த முக்கியமான ஆதாரம். நவாப் ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? தஞ்சாவூர் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதில் கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே ஆசை. வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் கடனை மறுக்கிறபோது வழக்கு நேராக இருக்கும். இல்லாத கடனை வாடிக்கையாளரே "ஆமாம் வாங்கினேன்" என்று சொல்கிறபோதுதான் நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

முதலில் கவுன்சில் கோரிக்கையை ஏற்கவில்லை. பிறகு அதே கவுன்சிலில் பெரும்பான்மை மாறியது. ஏன் மாறியது என்பதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நவாபின் பத்திரங்கள் மெட்ராஸில் யார் வீட்டு அலமாரியில் எல்லாம் இருந்தன என்பது ஊரறிந்த ரகசியம். தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்று சண்டை முற்றியது. பிகாட் இரண்டு உறுப்பினர்களை சஸ்பெண்ட் செய்தார். மற்றவர்கள் கர்னல் ஸ்டூவர்ட்டைக் கூப்பிட்டார்கள். அன்று மாலை பிகாட் தன் வண்டியில் போகிறார், பக்கத்தில் அதே ஸ்டூவர்ட் உட்கார்ந்திருக்கிறார். வழியில் சிப்பாய்கள் வண்டியை மறிக்கிறார்கள். கவர்னர் கைது. இரவோடு இரவாகப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பரங்கிமலை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது என்பது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் பிகாட் இறந்துபோனார். கைது செய்த கவுன்சில்காரர்கள் நாலு பேர் மேல் லண்டனில் வழக்கு நடந்து, தண்டனை ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். சில்லறைக் காசு.

பிகாட்டைத் தியாகி ஆக்க வேண்டாம். முதல் முறை கவர்னராக இருந்தபோது அவரும் நன்றாகச் சம்பாதித்துப் போனவர்தான். அவர் பெயரில் ஒரு வைரமே உண்டு.

நம் சங்கத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று பின் வரிசையில் ஒருவர் கேட்டார். கேட்டது நல்லது. வரும் பொதுக்குழுவில் லிஃப்ட் மாற்றும் செலவு விவாதத்துக்கு வருகிறது. கார்பஸ் நிதி போதாது, உறுப்பினர்கள் சிலர் வட்டிக்குக் கைமாற்றுத் தரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், சந்தேகமே இல்லை. என் யோசனை ஒன்றுதான்: சங்கத்துக்கு வட்டிக்குப் பணம் தருகிறவர், அந்தக் கடன் தீரும் வரை நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது; கான்ட்ராக்ட் எடுக்கிறவரும் அப்படியே. துணைவிதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும். பென்ஃபீல்டு மதில் கட்டினார், கடன் கொடுத்தார், அடுத்தபடியாகச் சட்டம் செய்கிற இடத்துக்கும் போனார். அந்த மூன்றாவது படியைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

ஊழல் புகாரில் அவரை லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். போனார். 1780 தேர்தலில் கிரிக்லேட் என்ற சின்னத் தொகுதியிலிருந்து பார்லிமெண்ட் உறுப்பினராகிவிட்டார். அந்தக் காலத்துச் சின்னத் தொகுதி என்றால் சில நூறு ஓட்டு, ஓட்டுக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. அடுத்த வருஷமே பதவி திரும்பக் கிடைத்து மெட்ராஸுக்கு வந்துவிட்டார். கிரிக்லேட் மக்களின் பிரதிநிதி மெட்ராஸில் உட்கார்ந்து வட்டி வசூல் செய்தார். அவரும் அவர் காசும் சேர்ந்து அந்தப் பார்லிமெண்டில் எட்டு உறுப்பினர்களை உண்டாக்கியது என்று எட்மண்ட் பர்க் பின்னால் குற்றம் சாட்டினார். 'ஆற்காட்டுக் கட்சி' என்றே ஒரு கூட்டம் இருந்தது. ஆற்காட்டில் ஒரு வோட்டும் கிடையாது, ஆனால் லண்டனில் ஆற்காட்டுக் கட்சி!

அவர் கப்பலில் போய் வந்த நேரத்தில் இங்கே என்ன ஆயிற்று? 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு மலை இறங்கினார். மெட்ராஸ் அரசின் கஜானாவில் காசில்லை. செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. உதவிக்குப் போக வேண்டிய ஹெக்டர் மன்றோ பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். நம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கிற கோட்டை மிச்சம் அந்த நாளைப் பார்த்தது. அடுத்த வருஷம் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1782 பிப்ரவரியில் அந்தக் கரைக்கு நேரே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. கரையில் ஊர்கள் எரிந்து, ஏரிகள் உடைந்து, ஜனங்கள் மெட்ராஸை நோக்கி ஓடினார்கள். பிறகு பஞ்சம்.

பஞ்சத்துக்கும் கடனே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். யுத்தம் யுத்தம்தான். ஆனால் யுத்தத்துக்கு முன்பே கரை பலப்படுத்தாத ஏரி, சம்பளம் வராத சிப்பாய், எல்லா வருமானத்துக்கும் முதல் உரிமை தனியார் கடன்காரருக்கு என்ற நிலைமை - இதை எல்லாம் வைத்துக்கொண்டு ஹைதர் அலியை எதிர்கொண்டால் என்ன ஆகும்?

சிப்பாய் சம்பளம் என்றதும் ஒரு கடனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1777-ல் நவாப் தன் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், சம்பள பாக்கி கொடுக்காமல் கலைக்க முடியாது. மூன்று ஆங்கிலேயர்கள் 4 லட்சம் வராகன் தருகிறோம் என்று முன்வந்தார்கள். அதற்கு ஈடாக சீமை வருமானத்தை எழுதி வாங்கினார்கள். பர்க் சொல்கிற கணக்குப்படி, அவர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். வருஷக்கணக்கில் பாக்கி தீரவில்லை. அதற்குள் எழுதி வாங்கிய சீமைகளின் வசூல் அவர்கள் கைக்கு வர ஆரம்பித்தது. நவாபின் பணத்தை நவாபுக்கே 12 சதவீத வட்டிக்குக் கொடுத்த மாதிரி. என் சர்வீஸில் எத்தனையோ கடன் விண்ணப்பம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

அதே 1777-ல் மீதிக் கடன்களை எல்லாம் மறுபடி திரட்டினார்கள். 24,00,000 பவுன், 12 சதவீதம். வருஷ வட்டி மட்டும் 2,88,000 பவுன், அதாவது 7,20,000 வராகன். இதில் எவ்வளவு உண்மையாகக் கைமாறிய பணம், எவ்வளவு வெறும் பத்திரம்? உபகாரத்துக்கு நன்றியாக நவாப் எழுதிக் கொடுத்த பத்திரமும் அதில் உண்டு என்பது அன்றைய பேச்சு. பரிசு வாங்கக் கூடாது என்று கும்பினி தடை போட்டிருந்தது. கடன் பத்திரம் வாங்கக் கூடாது என்று தடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

1784-ல் லண்டனில் பிட் பிரதமர். டண்டாஸ் அவருக்கு வலது கை. இந்தியா விவகாரத்துக்குப் புதிதாக ஒரு கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. டைரக்டர்கள், கடன்களைத் துருவி விசாரித்த பிறகு தீர்க்கலாம் என்றார்கள். வாரியம், விசாரணை வேண்டாம், மூன்று கடனையும் அப்படியே ஒத்துக்கொள், கர்நாடக வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கு என்று உத்தரவு போட்டது. 4,80,000 பவுன், வருஷா வருஷம், எரிந்துபோன ஒரு நாட்டிலிருந்து.

1785 பிப்ரவரி 28-ல் பர்க் எழுந்து பேசினார். ராத்திரி வெகுநேரம் வரை போன பேச்சு அது. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அதில் ஹைதர் அலி படையெடுப்பை வர்ணிக்கிற பகுதியைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு பகுதி. பர்னார்டின் ஜாகீர் வரைபடத்தைக் காட்டி, இதில் இருக்கிற ஏரிகளை நானே உட்கார்ந்து எண்ணினேன், 1,100-க்கு மேல் வருகிறது, இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு உள்ளது வரை என்றார். மழை குறைந்த நாட்டில் ஏரி இல்லாமல் பயிர் இல்லை, பழைய ராஜாக்களும் செல்வந்தர்களும் பின்னால் வருகிறவர்களுக்காகக் கட்டிவைத்தவை இவை, இவற்றை மராமத்து செய்ய முதலில் பணம் ஒதுக்குங்கள், வட்டிக்காரர் அப்புறம் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

வெஸ்ட்மின்ஸ்டரில், பனிக்கால இரவில், ஒரு அயர்லாந்துக்காரர் செங்கல்பட்டு ஏரிகளை எண்ணிக் காட்டியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்? கொளவாய் ஏரியை ரயிலில் இருந்து பார்ப்போம், ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் வாட்ஸ்அப்பில் படம் போடுவோம். அதோடு சரி.

பர்க்கும் முழுக்கக் கைசுத்தம் என்று நினைக்க வேண்டாம். அவர் உறவாகச் சொல்லிக்கொண்ட வில்லியம் பர்க் தஞ்சை ராஜாவுக்கு ஏஜென்டாக வேலை பார்த்தவர். நவாப் கட்சிக்கு எதிர்க்கட்சி ராஜா கட்சி. ஆனால் ஏரிக் கணக்கு ஏரிக் கணக்குதான், யார் எண்ணினாலும் 1,100 குறையாது.

பேச்சு பெரிசு, ஓட்டு சிறிசு. எதிர்க்கட்சியின் தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. கடன்காரர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

பென்ஃபீல்டின் மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்துக்குத் திரும்பி மறுபடி பார்லிமெண்ட் உறுப்பினரானார். ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் என்ற மாளிகையை வாங்கினார். அதைக் கட்டியவர் தாமஸ் ரம்போல்டு, அவரும் மெட்ராஸ் கவர்னராக இருந்து பணம் பண்ணினவர். மாளிகைக்கும் நம் ஊர் நெல்தான் கலவை போலிருக்கிறது. அப்போது பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருக்கிறது. பாரிஸில் வங்கி நடத்திய வால்டர் பாய்டு அங்கிருந்து தப்பி லண்டனுக்கு வந்தார். பாய்டுக்கு வங்கித் தொழில் தெரியும், பென்ஃபீல்டிடம் மெட்ராஸ் பணம் இருந்தது. 1793-ல் பாய்டு, பென்ஃபீல்டு கம்பெனி பிறந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் அரசாங்கத்துக்கே கடன் திரட்டுகிற பெரிய இடமாகிவிட்டது. 1795-ல் பிட் அரசுக்கு 1,80,00,000 பவுன், ஆஸ்திரியப் பேரரசுக்கு 46,00,000 பவுன். சேப்பாக்கத்து நவாபுக்குக் கடன் கொடுத்தவர் இப்போது வியன்னாச் சக்கரவர்த்திக்குக் கடன் திரட்டுகிறார். பாய்டும் பார்லிமெண்ட் உறுப்பினரானார், அதுவும் பென்ஃபீல்டின் ஷாஃப்ட்ஸ்பரி தொகுதியிலேயே.

புரட்சிக் காலத்தில் பணக்காரர் அரசியலுக்கு வருவது அங்கே மட்டும் நடந்ததல்ல. ஜெனீவா வங்கியாளர் நெக்கர் பிரெஞ்சு அரசின் நிதிப் பொறுப்பில் இருந்தார்; 1789 ஜூலையில் அவரை நீக்கிய மூன்றாம் நாள் பாஸ்டில் சிறை விழுந்தது. அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் சுதந்திரப் போருக்குத் தன் பெயரை வைத்தே கடன் வாங்கிக் கொடுத்தவர், பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். நில வியாபாரத்தில் மூழ்கிக் கடைசியில் கடனாளிகள் சிறையில் மூன்று வருஷம் இருந்தார். இந்த இரண்டு பேரைப் பற்றி என்ன குறை சொன்னாலும், தங்கள் பெயரை நாட்டுக்கு ஜாமீன் வைத்தார்கள். பென்ஃபீல்டு ஒரு நாட்டைத் தன் பெயருக்கு ஜாமீன் வாங்கினார். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வியன்னாவில் இருந்து வர வேண்டியது வரவில்லை. பாரிஸ் சொத்தைப் புரட்சி அரசு பறிமுதல் செய்திருந்தது. 1800-ல் கம்பெனி திவால். உட்ஹால் பார்க் கைமாறியது. 1810-ல் பென்ஃபீல்டு பாரிஸில் வறுமையில் செத்தார். "பார்த்தீர்களா, பாவம் சும்மா விடாது" என்று சிலர் சொல்லப் போகிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு அதில் பெரிய திருப்தி இல்லை. வியன்னாவில் ஏமாந்ததற்கு அவர் திவாலானார். செங்கல்பட்டில் செய்ததற்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நவாபின் வம்சம் என்ன ஆயிற்று? முகமது அலி 1795-ல் காலமானார். 1801-ல் கர்நாடகம் முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. உடனே புதுக் கடன்காரர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். இந்த முறை கும்பினி உஷார், கட்ட வேண்டியது தன் பணமாயிற்றே! விசாரணைக் கமிஷன் போட்டார்கள். ஒரு கட்டத்தில் கணக்குப் பார்த்தபோது, கேட்ட தொகை 2 கோடிப் பவுனுக்கு மேல். நியாயமானது என்று ஒத்துக்கொண்டது சுமார் 13,50,000 பவுன். நூற்றுக்கு ஏழு. மீதி 93 காற்றில் எழுதிய கணக்கு. அப்படியானால் விசாரிக்காமலே 1785-ல் கட்டியதில் எத்தனை சதவீதம் நிஜம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏரிகள்? 1794-லிருந்து 1798 வரை ஜாகீர் கலெக்டராக லியோனல் பிளேஸ் இருந்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே கலெக்டர் துரை. வெள்ளத்தில் கரை உடையாமல் ராம லட்சுமணர் காவல் நின்றதை அவர் பார்த்தார் என்பது கோயில் கதை. நம்புவது உங்கள் விருப்பம். மராமத்துக்குப் பணம் வந்து, கரையில் ஒரு கலெக்டர் மழையில் நனைந்துகொண்டு நின்றார் என்பதே எனக்கு அந்தக் கதையில் பாதி அதிசயம். தாயார் சந்நிதியில் அவர் பெயரோடு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அடுத்த மாதம் வேன் ஏற்பாடு செய்தால் காலையில் மதுராந்தகம், மத்தியானம் சதுரங்கப்பட்டினம் கோட்டை, சாயங்காலம் மாமல்லபுரம் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். பெயர் கொடுக்கிறவர்கள் செயலாளரிடம் கொடுங்கள். வேன் வாடகையை முன்பணமாகவே வசூலித்துவிடுவோம், கடன் வேண்டாம்.